அடுத்துப் போக விரும்பும் ஊர்

கடலூர் சைபர் கிரைம் பிரிவின் வராந்தா பெஞ்சில் அன்று காலை மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முதலாளி ஹாஜா பாய், பெண்ணாடத்திலிருந்து வந்த கலியமூர்த்தி ஐயா, நான். வந்திருக்க வேண்டிய நாலாவது ஆள் வரவில்லை. கலியமூர்த்தி ஐயாவின் மனைவி அஞ்சலாட்சி அம்மா அந்த நேரத்தில் பெண்ணாடத்து வீட்டு வாசலில் புதிதாக வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களை வெயில் காட்டிக்கொண்டிருந்தார். வருகிற சனிக்கிழமை காஷ்மீர் கிளம்புகிறோம் என்பது அவர் நம்பிக்கை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதை எழுதச் சொன்னது எங்கள் மாவட்ட டூர் மேனேஜர்களின் வாட்ஸ்அப் குழு. போன மாதத்தோடு நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பத்துநாலு வயதில் ஓய்வா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹாஜா பாய்க்கு இரண்டு கண்ணிலும் அறுவை நடந்தது, வண்டியை விற்றார், ஆபீஸைக் காலி செய்தார். காலி செய்த அன்று எனக்கு ஒரு மாலை போட்டு, சால்வை போர்த்தி, "பணி நிறைவு விழா முடிஞ்சுது, ஃபேனை ஆஃப் பண்ணு" என்றார். பன்னிரண்டு வருஷம் அப்படி முடிந்தது. இப்போது ஒரு கூரியர் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன்.

குழுவில் ஒரு நண்பன் எழுதினான்: "மச்சான், வண்டி கெளம்புனதும் மைக்கப் புடிச்சி ஒண்ணு சொல்லுவியே, பெண்ணாடத்து அம்மா விஷயம், அத அப்படியே எழுதி அனுப்பு. எங்க பாசஞ்சர் ரெண்டு பேருக்கு பரிசு உழுந்துருக்குன்னு போன் வந்துருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

மைக்கில் சொன்னது நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நீங்கள் என்னைப் போல் தப்பு செய்யாமல் இருப்பீர்கள்.

வேலை கற்ற முதல் இரண்டு வருஷத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. வாந்தி எடுப்பவருக்குக் கவர் கொடுக்கவும், டீக்கடை நிறுத்தத்தில் தலை எண்ணவும், எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் பதறாமல் கழிப்பறைப் பக்கம் போய்ப் பார்க்கவும் பழகினேன். மற்றதெல்லாம் பாயைப் பார்த்துத்தான் கற்றேன்.

எங்கள் ஆபீஸ் சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. நவக்கிரகம், அறுபடை வீடு, ராமேஸ்வரம் என்று மாதம் இரண்டு மூன்று டூர். விடியற்காலை நாலரைக்கு வண்டி. நாலு மணிக்கே பாய் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு படிக்கட்டுப் பக்கம் நிற்பார், கையில் பச்சை மைப் பேனா. ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. "மாத்திர எடுத்துக்கிட்டீங்களா? கேஸ மூடுனீங்களா? ஊட்டுச் சாவி யாருகிட்ட?" மூன்றுக்கும் பதில் வந்தால்தான் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். ஒருமுறை ஒரு அம்மா மூன்றாவது கேள்விக்கு விழித்தார். பக்கத்துத் தெருதான், ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு பூட்டாமலே கிடந்தது.

பாய் எந்தக் கோயிலுக்குள்ளும் வந்ததில்லை. ஆனால் எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்பது அவருக்கு மனப்பாடம். பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரும். "எங்க இருக்க? இன்னும் கஞ்சனூரா? அங்க இன்னா பண்றீங்க, பன்னண்டரைக்கு சாத்திருவாங்கப்பா, ஜனத்தக் கெளப்பு." நவக்கிரகம் போகிற ஒருவர் கிண்டலாகக் கேட்டார், "பாய், உங்களுக்கு எந்த கெரகம் சரியில்ல?" பாய் யோசிக்கவே இல்லை. "டீசல் வெலதான்."

அவருடைய ஒரு விதியை மட்டும் யாரும் மீற முடியாது. பணம் போனில் கிடையாது, முன்பணமானாலும் நேரில் வந்து மேஜையில் வைக்க வேண்டும். "குடுக்கிறவுங்க மூஞ்சும் வாங்குறவுங்க மூஞ்சும் ஒண்ணையொண்ணு பாக்கணும். கஷ்டம் ஜாஸ்திதான். ஆனா தூக்கம் வரும்" என்பார்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன்.

டூருக்கு முந்தின நாள் மாலை, பதிவு செய்த எல்லோருக்கும் நான் போன் செய்வேன். பிறகு பெரிய சார்ட் தாளில் கறுப்பு மார்க்கரால் பட்டியல் எழுதுவேன். சீட் எண், பெயர், வயது, ஊர், போன் நம்பர், உடம்புக் குறிப்பு. சர்க்கரையா, முட்டி வலியா, ஜன்னலோரம் வேண்டுமா எல்லாம் அந்தக் குறிப்பில் வரும். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதை வண்டியின் முன் கதவுக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒட்டுவோம். இருட்டில் செல்போன் வெளிச்சம் அடித்துத் தங்கள் பெயரைத் தேடுவார்கள். ரேஷன் கடைத் தாளையும் வாக்காளர் பட்டியலையும் தவிர வேறெங்கும் தங்கள் பெயர் ஒட்டிப் பார்த்திராதவர்கள். "ஏய், இங்க வா, நம்ம பேரு இருக்கு, வயசக் கூடப் போட்டு மானத்த வாங்கிட்டான்" என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

என் மூன்றாவது வருஷத்தில் நானே யோசித்து ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தேன். அதன் தலைப்பு: அடுத்துப் போக விரும்பும் ஊர்.

மாலை போனில் கடைசியாக அதைக் கேட்பேன். முதலில் தயங்குவார்கள். பிறகு குரல் மாறும். "கப்பல் ஏறணும் தம்பி, எங்கன்னாலும் சரி." "பொண்ணு மஸ்கட்டுல இருக்கா, அவ ஊட்ட ஒருதரம் பாக்கணும்." "தாஜ்மகால். தனியான்னு போடு." "எங்கயும் வேணாம், நாளைக்கு ஒழுங்கா ஊடு வந்து சேந்தா போதும்." நான் அவர்கள் சொன்னபடியே எழுதுவேன். பாய் படித்துவிட்டு, "இது நல்லாருக்கே, அடுத்த டூருக்கு இங்கயே ஆள் சேந்துருச்சு" என்று முதுகில் தட்டினார். இன்றைக்கும் மாலை ஆறு மணி ஆனால் அந்த ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்கத் தோன்றுகிறது. கூரியர் கிடங்கில் பார்சலுக்குத்தான் ஊர் இருக்கிறது.

என் அப்பா புவனகிரிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு டூரன்று வண்டியைப் பார்க்க வந்தவர் பட்டியல் முன்னால் நின்றார். "இதுல எது நீ எழுதுனது?"

"எல்லாமே நான்தாம்பா."

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கண்ணாடிமேல் விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் இழுத்தார். "அச்சடிச்ச மாதிரி கெடக்கு" என்றார். அதன்பிறகு மூட்டு வலியால் அவரால் வர முடியவில்லை. அதனால் ஒவ்வொரு டூரிலும், விடிந்தபின் முதல் நிறுத்தத்தில் பயணிகள் வண்டி முன்னால் வரிசையாக நிற்க, நடுவில் பட்டியல் தெளிவாகத் தெரியும்படி படம் எடுப்பேன். வீட்டில் அப்பாவுக்குக் காட்டுவேன். எங்கள் ட்ராவல்ஸின் முகநூல் பக்கத்திலும் அதையே போடுவேன். பயணிகள் கீழே வந்து "மூன்றாவது பெயர் என்னுடையது" என்று சந்தோஷமாக எழுதுவார்கள். இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் படிக்கலாம். ஆறேழு வருஷம் இப்படி நடந்தது. எனக்கோ, பாய்க்கோ, பயணிகளில் ஒருவருக்கோ உறுத்தவில்லை.

கலியமூர்த்தி ஐயாவும் அஞ்சலாட்சி அம்மாவும் ஒரு நவக்கிரக டூரில் வந்தார்கள். சீட் 13, 14. ஐயா சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு டிராக்டர்காரன் என்ன ஏமாத்துனதில்ல. டயர் அமுங்கறத பாத்தே டன் சொல்லுவேன்" என்று வண்டி முழுக்கச் சொன்னார். வண்டி கிளம்புமுன் மற்றவர்கள் பட்டியலைச் சுற்றி நிற்க, அவர் மட்டும் குனிந்து எங்கள் பஸ் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலைப் படிக்கவே இல்லை.

முந்தின நாள் போனில் கடைசிக் கேள்வி வந்ததும் அவர், "எனக்கு ஒண்ணுமில்ல, அவளக் கேளு" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா போனோடு தோட்டத்துப் பக்கம் போனது எனக்குக் கேட்டது. கோழி கத்தியது.

"தம்பி, பனி உழுமே, வெள்ளையா. அத கையில அள்ளிப் பாக்கணும். அவருகிட்ட சொன்னா சிரிப்பாரு."

நான் எழுதினேன்: பனியைக் கையில் அள்ளிப் பார்க்கணும். மறுநாள் காலை அம்மா அதைப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

ஒரு வருஷம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் கலியமூர்த்தி ஐயா ஆபீஸுக்கு வந்தார். "நம்ம காஷ்மீர் டூரு சனிக்கெழம எத்தன மணிக்கு பாய்? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க."

பாய் சிரித்தார். "காஷ்மீரா? என் வண்டி வடலூர் தாண்டுனாலே சூடாவுது."

ஐயா சிரிக்கவில்லை. போனை நீட்டினார். பனிமலைப் படம், பெரிய முத்திரை, அவர் பெயர். விடுமுறைப் பரிசு, இருவருக்கு, ஐந்து இரவு.

"இது நம்ம கம்பெனியோட கிளைதானே? அவுங்களுக்கு என் சீட்டு நம்பர் தெரியுது. முட்டி வலி தெரியுது. பழைய பாசஞ்சருக்கு குலுக்கல் போட்டோம், அம்மா பனி பாக்கணும்னு ஆசைப்பட்டாங்களேன்னு கேக்கறான். அது எனக்கே தெரியாது."

எங்கள் முகநூல் பக்கத்தைத் திறந்து அந்த டூரின் படத்தை விரித்தேன். பதினாலாவது வரி. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி கிடந்தது. அதை பாயிடம் காட்டினேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய பச்சை டிக். பாய் நெடுநேரம் பார்த்தார். திட்டவில்லை.

"இதுல எத்தன பேரு?"

"நாப்பத்திரண்டு."

"இந்த ஒரு படத்துல. மொத்தம்?"

பக்கத்தைத் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. "மொதல்ல எல்லாத்தையும் எடு. அப்புறம் போனை எடு" என்றார். அப்பாவுக்காக எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

மாலைக்குள் நாங்கள் இருவரும் முதல் கட்டமாக அந்தப் படத்தில் இருந்த மற்ற நாற்பது பேரையும் கூப்பிட்டுவிட்டோம். ஒன்பது பேருக்குப் பரிசு அழைப்பு வந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட ஊர். மஸ்கட் கேட்டவருக்கு மஸ்கட், தாஜ்மகால் கேட்டவருக்குத் தாஜ்மகால், தனியாக. ஏமாற்றுகிறார்கள், பணம் கட்டாதீர்கள் என்றால் அரைமனதாக உம் கொட்டினார்கள். கிள்ளை ஊர் விஜயா டீச்சர் உம் கூடக் கொட்டவில்லை. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் ஏறணும் என்று சொன்னவர். அவருக்கு அந்தமான் விழுந்திருந்தது. பதினெட்டாயிரம் ரூபாய் வரி, மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும்.

"ஒங்கள மாதிரி டூர்காரங்க பொறாமையில போன் பண்ணுவாங்கன்னு அந்தப் புள்ள மொதல்லயே சொல்லிட்டான்."

"டீச்சர், ஏற்கெனவே ஒருத்தர் ஏமாந்துட்டாரு. நம்ம டூர்ல வந்தவருதான்."

"யாரு? பேரச் சொல்லு."

கலியமூர்த்தி ஐயா எதிரில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "பேரு வேணாம் டீச்சர்" என்றேன்.

"சரி, எவ்ளோ கட்டுனாரு?"

அதையும் அவர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

"பாத்தியா? பேரும் தெரியாது, தொகையும் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷம் புள்ளைங்க பொய்யக் கேட்டவ நானு. போனை வை."

மறுநாள் செவ்வாய்க்கிழமைதான் நாங்கள் கடலூரில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. உதவி ஆய்வாளர் என் வயதுள்ள ஒரு பெண். மரியாதையாகப் பேசினார். எந்தத் தேதி, எந்த எண்ணுக்கு, எவ்வளவு என்று கேட்டார். கடைசித் தவணை எப்போது போனது என்பதை இரண்டு முறை கேட்டார். "சமீபத்துல போனதுன்னா பேங்க்குல சொல்லி நிறுத்தப் பாக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் ஐயா" என்றார்.

"ஒரு பத்தாயிரம் இருக்கும்" என்றார் ஐயா.

"இருக்குமா, இருக்கா?"

ஐயா மேஜையைப் பார்த்தார். போனில் வந்த குறுஞ்செய்திகளை எல்லாம் அழித்திருந்தார்.

"பாஸ்புக்க பதிவு போட்டு எடுத்துட்டு வாங்க. சரியான தொகை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே டீக்கடையில் ஐயா டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். பாஸ்புக் அவரிடம் இல்லை, பீரோவில் இருந்தது, பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"அவளுக்குத் தெரிய வேணாம் பாய். பணத்துக்காவ சொல்லல."

"பின்ன?"

"முப்பத்தெட்டு வருஷமா ஒரே ஊட்ல இருக்கோம். அவளுக்கு பனி பாக்க ஆசன்னு எனக்கு ஒரு போன்காரன் சொல்லித்தான் தெரியுது. கேட்ட அன்னிக்கு வெக்கமாப் போச்சு. அவன் எவ்ளோ கேட்டாலும் கட்டிடறதுன்னு இருந்தேன். இப்ப அதுவும் பொய்யின்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?"

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "கிள்ளையில அந்த டீச்சரு அஞ்சு மணிக்குப் பணம் கட்டப்போறாங்க. ஒங்க பேரயும் தொகையயும் சொல்லாம அவுங்கள நிறுத்த முடியாது. நீங்க சொல்றதா இருந்தா, ஒங்க ஊட்ல தெரியாம சொல்ல முடியாது. யோசிங்க. யோசிக்கிறத கார்ல உக்காந்து யோசிங்க."

பெண்ணாடம் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. நெய்வேலியில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனது. ஸ்டெப்னி மாட்டும்போது ஐயா தன்னை மறந்து, "காத்து கம்மி" என்றார். வழி முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

வாசல் கொடியில் ஒரு நீல ஸ்வெட்டர், ஒரு சிவப்பு ஸ்வெட்டர். அம்மா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க பாய், வா தம்பி. டிக்கெட்டு எடுத்துட்டு வந்தீங்களா?"

ஐயா கால் கழுவப் போனவர் குழாயடியிலேயே நின்றுவிட்டார். பாய் தொண்டையைச் செருமினார். "பாய், நான் சொல்றேன்" என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து பட்டியலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்காகப் படம் எடுத்ததையும் சொன்னேன். அதை விட்டுவிடலாம் என்று காரில் நினைத்திருந்தேன், விட முடியவில்லை.

"அவன் எழுதுனதுதான். நான் டிக் போட்டதும்மா" என்றார் பாய்.

அம்மா கொடியிலிருந்து சிவப்பு ஸ்வெட்டரை எடுத்தார். மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் சொன்னத அப்படியேவா எழுதியிருந்த? பனிய அள்ளிப் பாக்கணும்னு?"

"ஆமாம்மா."

"அவருகிட்ட கூட சொல்லல தம்பி. உங்கிட்டதான் சொன்னேன்."

இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் இந்த வாக்கியம் போல் என்னிடம் தங்கவில்லை.

குழாயடியிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்க மாட்டன்டி."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

பாய்தான் டீச்சர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். அம்மா இடையில் குறுக்கிட்டார். "கிள்ளை டீச்சரா? எனக்கு முன்சீட்டு. வழியெல்லாம் முறுக்கு குடுத்தேனே. மணி இன்னா இப்ப?"

"நாலு ஆவப்போவுது."

"போனப் போட்டுக் குடு தம்பி. சத்தமா வை."

டீச்சர் எடுத்ததும் என் குரல் என்று நினைத்து, "மறுபடியும் நீயா?" என்றார்.

"நான் பெண்ணாடம் அஞ்சலாட்சி பேசறேன் டீச்சர். முறுக்கு குடுத்தவ. நேத்து பேரு கேட்டீங்களாமே, அந்தப் பேரு நாந்தான்."

மறுமுனையில் டீச்சர் மெதுவாக, "நீங்களா கட்டுனீங்க? எவ்ளோ?"

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா ஈரக் காலோடு வந்து எங்களுக்கு நடுவில் நின்றார். எடைமேடையில் நின்ற மனிதர். பாஸ்புக் தேவைப்படவில்லை. "ஆறாந்தேதி பதிவுக் கட்டணம் ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது. ஒம்போதாந்தேதி வரி பதினாலாயிரத்து ஐந்நூறு. பன்னண்டாந்தேதி ஃபிளைட்டு காப்பீடு பதினெட்டாயிரம். ஞாயித்துக்கெழம, முட்டி வலிக்காரனுக்கு வீல்சேர் டெபாசிட்டுன்னு ஒம்போதாயிரத்து ஐந்நூறு. அதக் கட்டுனப்புறம் போன் எடுக்கல."

"நாப்பத்தி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது" என்றார் டீச்சர் உடனே. கணக்கு டீச்சர். பிறகு குரல் உடைந்தது. "கப்பல்ல போவணும்னு எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தெரியாது அஞ்சலாட்சி. அவன் சொன்னான். தெரிஞ்சவுங்கதான் பேசறாங்கன்னு நம்பிட்டேன்."

"நம்மளும் யாருகிட்டயாவது சொல்லித் தொலச்சிருக்கலாம் டீச்சர்."

டீச்சர் கட்டவில்லை. போனை வைக்குமுன் என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தாள எழுதுனது நீதானே? கையெழுத்து நல்லா இருந்துச்சு. புத்திதான் இல்ல." மற்ற எட்டுப் பேரையும் அம்மாவும் டீச்சருமாகப் பங்கு போட்டுக் கூப்பிட்டார்கள். பெயரும் ஊரும் தொகையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவரும் கட்டவில்லை.

மறுநாள் காலை பெஞ்சில் நாலு பேர். அம்மாதான் முதலில் உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை போன ஒன்பதாயிரத்து ஐந்நூறு இன்னும் ஒரு கணக்கில் நின்றிருந்தது. அதை முடக்கினார்கள். ஏழு மாதம் கழித்து அது மட்டும் திரும்பி வந்தது. முந்தினது எதுவும் வரவில்லை. அவன் யார் என்பதும் இன்றுவரை தெரியாது.

பாய் அவர்களை அடுத்த டூருக்குக் காசில்லாமல் அழைத்தார். ஐயா கும்பிட்டார். "ஃப்ரீன்னு யாரு சொன்னாலும் வயித்தக் கலக்குது பாய். டிக்கெட்டு போடுங்க." ராமேஸ்வரத்துக்குக் காசு கொடுத்துத்தான் வந்தார்கள். அந்த முறை அவர் டயரைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைத்ததா என்று பார்த்தார். பனியை அம்மா இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மாதம் ஒரு தொகை எடுத்து வைக்கிறார்கள் என்று கேள்வி.

அதன்பிறகு பட்டியலில் சீட் எண்ணும் பெயரும் மட்டும்தான். போன் நம்பர் பாயின் சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். ஆனால் பழைய பயணிகள் விடவில்லை. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட் வரைக்கும் வந்து, குனிந்து, காதில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். நான் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாம் நினைவிருக்கிறது. பட்டியல் படம் ஏன் வருவதில்லை என்று அப்பா ஒருமுறை கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "நீ எழுதுனதயா திருடுனான்?" என்று கேட்டார்.

மைக்கில் சொல்லச் சொன்னது அம்மாதான். "சும்மா ஒரு அம்மா ஏமாந்துட்டாங்கன்னு சொல்லாத. யாரும் நம்ப மாட்டாங்க. பேரச் சொல்லு, ஊரச் சொல்லு, தொகைய முழுசாச் சொல்லு." ஸ்வெட்டரைச் சேர்க்க வேண்டாம், அதுதான் கையில் இருக்கிறதே என்றார். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "வண்டியோட சேத்துதான் எடை போடணும்." இரண்டு ஸ்வெட்டர் ஆயிரத்து முந்நூறு, ஒரு குரங்குக் குல்லாய் நூற்றிருபது சேர்ந்தன. ஒன்பதாயிரத்து ஐந்நூறு திரும்பி வந்த அன்று அம்மாவே எனக்குப் போன் செய்தார். "தொகைய மாத்திக்க தம்பி. இல்லன்னா நாமளும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

நண்பர்களே, வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும், யாரும் தூங்கத் தொடங்குமுன், நான் சொன்னது இவ்வளவுதான். நீங்களும் இப்படியே சொல்லுங்கள்:

"உங்களுக்கு டூர் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வரும். நீங்கள் ஆசைப்பட்ட ஊரையே சொல்வார்கள். உங்கள் ஆசை தெரிந்திருப்பதால் உங்களைத் தெரிந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். பரிசுக்கு உங்களைப் பணம் கட்டச் சொன்னால் போனை வையுங்கள். கட்டிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அன்றே போலீஸில் சொல்லுங்கள், முழுத் தொகையையும் சொல்லுங்கள். பெண்ணாடம் அஞ்சலாட்சி அம்மாவும் கலியமூர்த்தி ஐயாவும் தங்கள் பெயரைச் சொல்லியே இதைச் சொல்லச் சொன்னார்கள். பனியைக் கையில் அள்ளிப் பார்க்க அவர்கள் கொடுத்து, திரும்பாமல் போனது முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது ரூபாய்."